நார்மல் ஏழு

என் மேசையில் ஒரு பித்தளைத் தாங்கி இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் உட்காருகிறவர் தாடையை அசையாமல் வைத்துக்கொள்வதற்கானது. கும்பகோணத்தில் குத்துவிளக்கு செய்யும் பட்டறை ஒன்றில், கம்பியை வளைத்துச் செய்து வாங்கியது. தாடை படும் இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கும். ஒவ்வொருவர் எழுந்ததும் அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும் என்பது என் ஆய்வகத்தின் முதல் விதி. துடைக்காமல் போன மாணவர்களை நன்றாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் கடந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து நானே அதைத் துடைக்கவில்லை. ரப்பரின் ஓரத்தில் எச்சில் காய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. மாணவர்கள் அதைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். கேட்க அவர்களுக்குப் பயம். சொல்ல எனக்குப் பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தாங்கியைச் செய்து வாங்கி வந்தவர், நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த துறையின் டெக்னீஷியன். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். தரங்கம்பாடிக்காரர், லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். வாரம் முழுக்கத் தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மத்தியானம் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட் எதுவும் கிடையாது. நான் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே என்னை ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். “முடிக்கலேன்னா நான் கூப்பிட்ட பேரு வீணாப்போயிரும், பாத்துக்கங்க” என்பார். ஒரு வேலையையும் சொன்ன நாளில் முடிக்க மாட்டார். ஆனால் முடித்தால் அது பிறகு கெடாது. கறுப்புத் திரைக்குப் பின்னால் கருவியோடு இருக்கும்போது, கோயிலில் பாடும் ஞானப்பாட்டு ஏதாவது ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் கேட்டால் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வேலை வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது. இருட்டில் நீல நிற ஒளியை நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் விழச் செய்தால், நல்ல தசை லேசான பச்சையாக ஒளிரும். கெட ஆரம்பித்த தசை ஒளிராது, கறுப்பாகத் தெரியும். கண்ணுக்குப் புண்ணாகத் தெரிவதற்கு முன்பே சில சமயம் அந்தக் கறுப்பு தெரிந்துவிடும். அதைக் கேமராவில் பிடித்து, எவ்வளவு கறுப்பு, எவ்வளவு பச்சை என்று கணக்கிட்டு, இவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதுதான் என் ஆய்வு. வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்களைத் தேடி, பாபநாசம் பக்கத்து ஊர்களுக்கு வேனில் போவோம். நடவு முடிந்து களையெடுப்புக்கு முன்னால் கிடைக்கும் சில நாட்களில்தான் ஆட்கள் வருவார்கள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு உட்காருவோம். வயலிலிருந்து நேராக வந்த பெண்கள், முழங்காலில் சேறு காய்ந்திருக்க, அந்த இருட்டுக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நிற்பார்கள். அண்ணன் போய்க் கூப்பிடுவார். “பயப்படாதீங்க. ஊசி இல்ல, கத்தி இல்ல. வெளிச்சம் மட்டுந்தான்.” நான்கு வருடத்தில் இந்த மூன்று வாக்கியங்களை எத்தனை நூறு முறை அவர் வாயால் கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஒருமுறை ஒரு பெரியவர், “ஏம்ப்பா, செல்போனுக்கு சார்ஜ் ஏத்துற மாதிரி இது வாய்க்கா?” என்று கேட்டார். “ஆமாங்கய்யா, ஏத்திக்கிட்டுப் போனா வீட்டுல இன்னும் சத்தமா பேசலாம்” என்றார் அண்ணன். வரிசை முழுக்கச் சிரித்தது.

நோயாளிகளைத் தேடி ஊர் ஊராகப் போன நாங்கள், ஆரோக்கியமானவர்களைத் தேடி எங்கள் வராந்தாவைத் தாண்டவில்லை. எல்லா ஆய்வகங்களிலும் இப்படித்தான் நடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நலமான வாய்கள் வேண்டும் என்றால், எதிரே வருகிறவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்போம். அவர்களுக்கு ‘நார்மல்’ என்று பெயர். அலுவலக சூப்பிரண்டு, வாட்ச்மேன், பக்கத்து லேப் மாணவிகள், நான் என்று எனக்கும் பதினொரு நார்மல் கிடைத்தது. எந்தப் படம் யாருடையது என்று படத்தை ஆராய்கிற எனக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்பது எங்கள் மேடத்தின் கட்டளை. மேடம் என்றால் எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர். அதனால் படம் எடுப்பது அண்ணன் மட்டும். நான் திரைக்கு வெளியே நிற்க வேண்டும். பெயரையும் எண்ணையும் அவர் ஒரு நீள நோட்டில் எழுதி மேடத்தின் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். வரிசையையும் கலைத்துத்தான் எண் போடுவார். எனக்கு வருவது நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு என்ற எண்கள் மட்டும். அது நல்ல விதிதான். ஆனால் பெயர் இல்லாத நாக்கு, யாருடைய நாக்காகவும் தோன்றுவதில்லை.

அந்த வருடம், உயிர்மருத்துவ ஒளியியலிலும் படமெடுப்பிலும் ஆய்வு செய்யும் மாணவர்களுக்குத் தரும் விருது ஒன்றுக்கு மேடம் என்னை விண்ணப்பிக்கச் சொன்னார். ஒரு பக்கச் சுருக்கமும் ஒரு வரைபடமும் அனுப்ப வேண்டும். தேர்வானால் சென்னையில் நேரில் பேச வேண்டும். வென்றால் ஆறு மாதம் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யலாம். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், மூன்று பேரும் ஆண்கள். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் வரைபடம் போட்டேன். நோயாளிகளின் புள்ளிகள் எல்லாம் மேலே, நார்மல் புள்ளிகள் எல்லாம் கீழே, நடுவில் தெளிவான இடைவெளி. ஒரே ஒரு நார்மல் மட்டும் மேலே போய் நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. நார்மல் ஏழு.

படத்தைத் திறந்தேன். நாக்கின் இடது ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. எச்சில் பட்டிருக்கும், லென்ஸ் சரியாக நிற்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. அப்படித் தெரியவில்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். அந்தப் படத்தை நீக்கினேன். வரைபடம் அழகாக ஆகிவிட்டது. ‘தரம் குறைந்த படம் ஒன்று நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து போய் டீ குடித்தேன். நன்றாக இருந்தது என்று ஞாபகம்.

பயம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் வந்தது. எதிர் சீட்டில் ஒரு குழந்தை தன் அம்மாவிடம் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சம்பா நாற்று வெயிலில் பச்சையாக இருந்தது. எங்கள் படங்களில் நல்ல தசை காட்டும் பச்சை. அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குள் போனதும் செருப்பைக் கழற்றாமல் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை இழுத்து இழுத்துப் பார்த்தேன். தன் நாக்கின் ஓரத்தைத் தானே பார்ப்பது லேசில் முடிகிற காரியமில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, “என்னடி, வாயப் பொளந்துகிட்டு நிக்கிற?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிறது என்றுதானே அந்தக் கருவியைப் பற்றி நான் எழுதியிருந்தேன்.

மறுநாள் எல்லோர் வாயையும் பார்க்க ஆரம்பித்தேன். சூப்பிரண்டு கொட்டாவி விட்டால் பார்த்தேன். வாட்ச்மேன் சிரித்தால் பார்த்தேன். பக்கத்து லேப் பெண் ஒருத்தி காரமான மிக்சரை வாயில் போட்டு ‘ஸ்’ என்றபோது அவள் நாக்கையே பார்த்தேன். மேடத்திடம் போய்ப் பீரோவைத் திறக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்காமல் நீக்கியதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை போய்விடும். அதனால் மேடத்திடம் போகாமல் அண்ணனிடம் போனேன்.

அவர் கருவியின் அடியில் திருகாணி ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தார். “அண்ணே, நார்மல் ஏழு சரியா விழலையோன்னு தோணுது. நீக்கிட்டேன். உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?” என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. “லென்ஸ்ல எச்சி தெறிச்சிருந்துச்சுங்க. அழிச்சிருங்க” என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நோட்டு பீரோவுக்குள் இருக்கிறது, நூற்றுக்கணக்கான படங்களுக்கு எண் போட்ட மனிதர் இந்த ஓர் எண்ணை மட்டும் எப்படி யோசிக்காமல் சொன்னார் என்று ஒரு விநாடி நின்று பார்த்திருந்தால் போதும். நிற்கவில்லை. மேடம் சுருக்கத்தைப் படித்து இரண்டு கமாவைத் திருத்தினார். வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டேன்.

பிறகு ஆறு வாரம். தேர்வாகிவிட்டேன், சென்னைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. துறையில் எல்லோருக்கும் கேக் கொடுத்தேன். அண்ணன் தன் பங்கைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதெல்லாம் டீயை ஆறவைத்துத்தான் குடித்தார். மத்தியானம் தயிர்சாதம் தவிர வேறு எதுவும் கொண்டு வரவில்லை. திரைக்குப் பின்னால் பாட்டு நின்றுபோயிருந்தது. கருவியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். பத்துப் பேருடைய வாயை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நான், படம் எடுத்தவருடைய வாயைப் பார்க்கவில்லை. கேமராவைப் பிடித்திருக்கிறவர் படத்தில் இருக்க மாட்டார் என்று யாரும் சொல்லித்தராமலே நமக்கு ஒரு நினைப்பு.

சென்னைக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள் காலை. நீக்கிய படத்தைப் பற்றி நடுவர்கள் கேட்டால் காட்டலாம் என்று நார்மல் ஏழைத் திறந்தேன். அதுவரை அந்தக் கறுப்பைத் தவிர அதில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அன்றுதான் ஓரத்தைப் பார்த்தேன். நாக்கை ஒதுக்கிப் பிடிக்க ஒரு மரக் குச்சி வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாப் படங்களிலும் அந்தக் குச்சி பக்கவாட்டிலிருந்து வரும், நுனியில் கையுறை போட்ட விரல் தெரியும். ஏழில் குச்சி கீழேயிருந்து வந்தது. பிடித்திருந்த கட்டைவிரலில் கையுறை இல்லை. தன் வாய்க்கு யார் கையுறை போடுவார்கள்? நகம் நடுவில் பிளந்து, சால்டரிங் சூட்டில் கருகியிருந்தது. அந்த நகத்தை நான்கு வருடமாக தினமும் பார்க்கிறேன். கேமராவுக்குக் காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்றை அவரே செய்து வைத்திருந்ததும் ஞாபகம் வந்தது. எழுந்து அவரைத் தேடிப் போனேன்.

அவர் பின்பக்கக் குழாயடியில் லென்ஸ் மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். “அண்ணே, ஏழு நீங்கதானே” என்றேன்.

குழாயை மூடினார். கையைக் கைலியில் துடைப்பதுபோல பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். “கேன்டீன் மாஸ்டர் வரேன்னாரு, வரல. பதினொண்ணு வேணுமேன்னு நானே உக்காந்தேன். பல்லு ஒண்ணு உடைஞ்சு ரொம்ப நாளா நாக்க உரசிக்கிட்டு இருந்துச்சு.”

“அன்னைக்கே தெரிஞ்சுதா?”

“நாலு வருஷமா அந்தக் கறுப்பத்தானங்க பாக்குறேன். தெரியாம இருக்குமா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “பயமா இருந்துச்சுங்க. அப்புறம் நீங்க வந்து நீக்கிட்டேன்னீங்க. படிச்ச புள்ள நீக்கிருச்சு, அப்ப அதுல ஒண்ணும் இருக்காதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.”

அந்த வாக்கியத்தை நான் ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னதால் அது எச்சில்தான் என்று நான் நம்பினேன். நான் நீக்கியதால் அதில் ஒன்றுமில்லை என்று அவர் நம்பினார். இரண்டு பேரும் பயந்தோம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் ஒளிந்துகொண்டோம். நடுவில் ஆறு வாரம், அந்தக் கறுப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடத்திடம் போய் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து, ஏழுக்கு நேரே இருந்த பெயரைப் படித்தார். “படம் ஒண்ணு நீக்கப்பட்டதுன்னு எழுதியிருந்தே. அந்த வரியில நான் கமாவத்தான்டி பாத்தேன்” என்றார். அன்று மத்தியானமே அண்ணனைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, “நீ சென்னைக்குப் போ. ஏழாம் நம்பரத் திரும்பச் சேத்துக்கிட்டுப் போ” என்று சொல்லிவிட்டார்.

சேர்த்துக்கொண்டு போனேன். நடுவர்களில் ஒருவர், சுருக்கத்தில் பத்து நார்மல், இங்கே பதினொன்று, அதில் ஒன்று நோயாளிகளோடு நிற்கிறதே, என்ன இது என்று கேட்டார். மோசமான படம் என்று தவறாக நீக்கிவிட்டேன், அவருக்கு உண்மையாகவே நோய் இருக்கலாம், முந்தாநாள் டாக்டரிடம் போயிருக்கிறார் என்றேன். பிறகு அந்த நடுவர், யாருமே சந்தேகப்படாத ஒருவரிடம் உங்கள் கருவி நோயைக் கண்டிருக்கிறது, அதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும் என்றார். விருதை எனக்குத்தான் கொடுத்தார்கள். தவறை ஒளிக்காமல் சொன்ன நேர்மையையும் பாராட்டினார்கள். தவறு என்று மட்டும்தான் சொன்னேன். பயந்தேன் என்றும், எல்லோர் வாயையும் பார்த்துவிட்டு வாரக்கணக்கில் சும்மா இருந்தேன் என்றும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். அண்ணனுடைய நாக்கிலிருந்து வெட்டி எடுக்கப்போகிற ஒரு துண்டுக்காக எனக்குக் கைதட்டுகிறார்கள் என்று தோன்றியது. அந்தச் சான்றிதழை இதுவரை நான் சுவரில் மாட்டவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. நாக்கின் இடது பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். கழுத்திலும் கை வைத்தார்கள். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் குறைவாக எடுத்திருப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணன் பிழைத்துக்கொண்டார். பேச்சு குழறியது. ‘ர’வும் ‘ல’வும் ஒன்றாகிவிட்டன. பாட்டு திரும்ப வரவே இல்லை. சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். நான் வெளிநாடு போய் வந்து, இங்கேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். மேடம் ஓய்வு பெற்றபோது பழைய கருவியையும் பித்தளைத் தாங்கியையும் எனக்குக் கொடுத்தார்.

டாக்டரிடம் போகிற நாட்களுக்கு நடுவே, வருடத்துக்கு ஒருமுறை அண்ணன் தரங்கம்பாடியிலிருந்து என்னிடம் வருவார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலம் ஒன்று கையில் இருக்கும். தாங்கியில் தாடையை வைப்பார். தழும்பு எப்போதும் ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரியும். போன வருடத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்து அந்தக் கோட்டை அளப்பேன். எட்டு வருடமும் கோடு கோடாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் வெளியே போய் இரண்டு பேரும் டீ குடித்தோம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தேன். குச்சியை எடுத்துவிட்டு நான் தயங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். “பயப்படாதீங்க, டாக்டரம்மா. வெளிச்சம் மட்டுந்தான்” என்றார், குழறலோடு. படம் திரையில் வந்தது. பச்சை, பச்சை, பிறகு கோடு. கோட்டின் கீழ் நுனியில், போன வருடம் இல்லாத ஓர் அகலம்.

இன்னொரு படம் எடுத்தேன். அதிலும் இருந்தது. என் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “என்னங்க, லென்ஸ்ல எச்சியா?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும், அவருக்கு இன்னும் ஒரு நாள் நிம்மதி கொடுக்கலாம், எனக்கும் ஒரு நாள் கிடைக்கும் என்று மனம் ஓடியது. அவரும் அதைத்தான் கேட்டாரோ என்னவோ.

“இல்லண்ணே. லென்ஸ் சுத்தமா இருக்கு” என்றேன். “வாங்க, போவோம். இப்பவே.”

கருவாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற அவசரத்தில் தாங்கியைத் துடைக்கவில்லை. வந்த பிறகும் துடைக்க மனம் வரவில்லை. சின்னத் துண்டு ஒன்று எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு நாளை காலை வரும். அண்ணன் ஊருக்குப் போகாமல் தஞ்சாவூரிலேயே எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருக்கிறார். நாளை நாங்கள் இருவரும் சேர்ந்தே போய் வாங்குவோம்.